மருந்தடிக்காத தோப்பு

பழத்தைக் கடித்ததும் உள்ளே புழு தெரிந்தால் எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கென்னவோ கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும். புழு உயிரோடு இருக்கிற பழத்தை மனிதனும் நம்பித் தின்னலாம் என்று நினைத்துக்கொள்வேன். இந்தப் புத்தி எனக்குத் தொழிலால் வந்தது. பெரியவர்கள் என்னைப் பூச்சி சார் என்று கூப்பிடுவார்கள். பிள்ளைகள் அந்த சாரை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள். நான் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை.

டீ வேண்டாம் என்று சொன்னதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வதை எழுதிக்கொள்கிறவருக்குக் கை வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். எனக்கு அவசரமில்லை. அவசரமில்லை என்று சொன்னதும் தப்பு. என் தங்கையை நினைத்தால் அவசரம்தான்.

அவளுக்காகத்தான் வந்திருக்கிறேன். போன பருவத்தில் அவளுடைய கணவர், எனக்கு மாப்பிள்ளை, மருந்து குடித்துச் செத்தார் என்று உங்கள் ஸ்டேஷன் கோப்பில் இருக்கும். தன்னால்தான் அவர் குடித்தார் என்று அவள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் மருந்து குடிக்கவில்லை. அது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

முதலில் அந்தத் தோப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது கொய்யாத் தோப்பு. நடுவில் ஒரு மண்பாதை. பாதைக்கு ஒரு பக்கம் எல்லோரையும் போல மருந்து அடித்து வளர்க்கிறார்கள். மறுபக்கத்தைத் தோட்டத்துக்காரம்மா என்னை நம்பி விட்டுவைத்திருந்தார். அந்தப் பக்கம் மருந்தே கிடையாது. பூச்சியைப் பூச்சியே தின்னட்டும் என்பது என் ஆராய்ச்சி. வேலி ஓரத்தில் பெரிய பலகை வைத்திருந்தோம்: 'மருந்தடிக்காத தோப்பு. பறித்து அப்படியே சாப்பிடலாம்.' அந்த வாசகம் என்னுடையது.

கொய்யாவுக்கு முக்கியமான எதிரி மாவுப்பூச்சி. இலைக்கு அடியிலும் காம்பிலும் கோதுமை மாவை உதறிவிட்ட மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அதைத் தின்ன நாங்கள் ஒரு சின்னப் பொறிவண்டை வளர்த்து விடுகிறோம். வண்டு கறுப்பாக இருக்கும், யாருக்கும் குழப்பம் வராது. அதன் குஞ்சுப் புழுதான் சிக்கல். மாவுப்பூச்சி போட்டிருக்கிற அதே வெள்ளைச் சட்டையை அதுவும் போட்டுக்கொண்டு, அதன் கூட்டத்துக்குள்ளேயே நடமாடி அதையே தின்னும். எட்ட நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கூலிக்கு வருகிறவர்கள் பாவம், நசுக்கிவிடுவார்கள். கிட்டே போய் லென்சில் பார்த்தால் நம் பிள்ளையின் உடம்பில் நீளநீளமாக வெள்ளை நூல் தொங்கும், வேகமாக நடக்கும். "பார்க்காமல் கை வைக்காதே" என்பதுதான் எந்தப் பயிற்சியிலும் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். அதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூச்சிகொல்லி என்று நாங்கள் எழுதத்தான் எழுதுவோம். வாயைத் திறந்தால் எங்களுக்கும் அது மருந்துதான். காய்ச்சலுக்குக் குடிப்பது மருந்து. மரத்துக்கு அடிப்பது மருந்து. வாழ்க்கை வெறுத்தவன் குடிப்பதும் மருந்து. ஒருவன் மருந்தைக் குடித்துவிட்டான் என்று சொன்னால் எந்த மருந்து என்று நம்மில் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அன்றைக்கு யாராவது விடாமல் கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன்.

மாப்பிள்ளை அந்தத் தோட்டத்தின் மேற்பார்வையாளர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான்தான். நல்ல மனுஷன், கொஞ்சம் வாயாடி. என்னுடைய வண்டு வளர்க்கும் அறைக்குள் வரும்போதெல்லாம், "மச்சான், உங்க வண்டுக்கு ஏசி, எனக்கு வெயில். அடுத்த ஜென்மத்துல நானும் வண்டாத்தான் பொறக்கணும்" என்பார். வெளியாட்கள் தோப்பைப் பார்க்க வந்தால் அவருக்கு ஒரு வித்தை உண்டு. கைக்கு எட்டிய பழத்தைப் பறிப்பார், சட்டையில்கூடத் துடைக்க மாட்டார், ஒரே கடி. "நான் தின்னுட்டேன், இனி நீங்க தின்னலாம்" என்பார். எல்லோரும் சிரித்துக்கொண்டே பறிப்பார்கள். என் ஆராய்ச்சிக் கட்டுரைகள் செய்யாத வேலையை அந்த ஒரு கடி செய்தது.

பூச்சி பிடிக்கிற வேலையையும் அவர் விருப்பப்பட்டுக் கற்றுக்கொண்டார். அதற்கு உறிஞ்சுகுழல் என்று ஒரு சாமான் வைத்திருக்கிறோம். சின்னக் குப்பி, அதன் மூடியில் இரண்டு குழாய். ஒரு குழாயைப் பூச்சியின் மேல் காட்டி, மற்றதை வாயில் வைத்து உறிஞ்சினால் பூச்சி குப்பிக்குள் விழும். நடுவில் ஒரு வலைத்துணி இருக்கிறது. பூச்சி வாய்க்குள் வராது. மற்றதெல்லாம் வரும்.

வேளாண்மைத் துறையிலிருந்தும் பழம் வாங்கும் கம்பெனியிலிருந்தும் ஒரு குழு தோப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்திருந்தால் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் எல்லாவற்றிலும் என் முறையைக் கொண்டுவருவார்கள். பிடிக்காவிட்டால் வண்டு அறையை மூடச் சொல்லி மேலே இருப்பவர்கள் ஏற்கெனவே வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். என் தலைமுடி நரைத்ததெல்லாம் அந்த அறைக்குள்தான். அதற்காக நான் செய்ததை யாரும் மன்னிக்க வேண்டியதில்லை. எந்த நிலைமையில் இருந்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

குழு வருவதற்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் தனியாக ஒரு சுற்றுப் போனேன். உள்வரிசை மரங்களில் ஏறிட்டுப் பார்த்தால் வெள்ளை. கிளைக்குக் கிளை, காம்புக்குக் காம்பு வெள்ளை. லென்ஸ் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. பயந்தவன் பார்ப்பதைவிட ஓடுவதைத்தான் முதலில் செய்வான், நானும் அப்படித்தான் இருந்தேன்.

பாதைக்கு மறுபக்கத்துக் கிடங்கின் சாவி என்னிடமும் உண்டு. அங்கே ஒரு பழைய டப்பா கிடந்தது. திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று தோட்டத்துக்காரம்மாவிடம் நானே பலமுறை சொன்ன சரக்கு. அவ்வளவு காரமானது. வேலையாட்கள் எல்லோரும் போனபிறகு, வெளிச்சம் மங்குவதற்குள், முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு உள்வரிசை முழுவதும் அடித்தேன். அளவு பார்த்துக் கலக்கவில்லை. கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டேன். அதை மறக்கவில்லை.

வருகிறவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்பதிலும் கவனமாகவே இருந்தேன். வேறு தோட்டத்துக் கொய்யாவைக் கழுவிக் கூடையில் வைத்திருந்தேன், அவர்கள் கையில் அதைத்தான் கொடுப்பதாகத் திட்டம். மறுநாள் மத்தியானம் மரங்களைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடலாம் என்றும் நினைத்திருந்தேன். மாப்பிள்ளைக்குப் போன் செய்து, "நாளைக்கு லீவு எடுத்துக்கங்க மாப்பிள்ளை, நாளன்னிக்கு நின்னுக்கிட்டே இருக்கணும்" என்றேன். "என்ன மச்சான், திடீர்னு என் மேல பாசம்" என்று சிரித்தார். தோப்புக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. லீவு எடுத்த மனுஷன் தோப்புக்கு எதற்குப் போகப்போகிறார் என்றிருந்தேன்.

மறுநாள் காலையில் தங்கையிடமிருந்து போன் வந்தது. குரல் அழுத மாதிரி இருந்தது. லீவு நாளிலாவது வீட்டில் ஒழுகுகிற குழாயைப் பார்ப்பார் என்று நினைத்தாளாம். அவரோ எழுந்ததிலிருந்து குழுவிடம் என்ன பேசுவது என்று கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாராம். வார்த்தை வளர்ந்துவிட்டது.

"அந்தக் கொய்யா மரத்தையே கட்டிக்கிட்டு அழுங்க, போய்த் தொலைங்கன்னு சொல்லிட்டேண்ணா. தட்டுல வச்ச சாப்பாட்டை அப்படியே வச்சிட்டு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டார். தோப்புக்குத்தான் போயிருப்பார். நீ கொஞ்சம் பேசி அனுப்பேன். நான் பேசினா எடுக்க மாட்டேங்கறார்."

"சரிம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

கணவன் மனைவிக்குள் இதெல்லாம் நடக்கிறதுதான். எத்தனையோ தடவை நான் இடையில் புகுந்து சமாதானம் செய்துவைத்திருக்கிறேன். அவளுக்குத் தாய் தகப்பன் எல்லாம் நான்தான். எதையும் என்னிடம்தான் சொல்வாள்.

மத்தியானத்துக்கு முன்னால் வாட்ச்மேன் கூப்பிட்டார். "சார், உங்க மாப்பிள்ளை மரத்தடியில உக்காந்திருக்கார். வாயெல்லாம் நுரையா வருது. வேர்த்து ஊத்துது. சீக்கிரம் வாங்க." நான் போனபோது வேர்வையில் அவர் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் பாதி தின்ற கொய்யா. காலையில் சாப்பிடாமல் வந்தவர், பசிக்கு அதைத்தான் தின்றிருக்கிறார். கழுத்தில் உறிஞ்சுகுழல் தொங்கியது. என்னைப் பார்த்ததும், "மச்சான், கண்ணு மங்கலா இருக்கு. வண்டுங்களுக்கு ஏதோ சீக்கு வந்திருக்கு. குப்பியில புடிச்சு வச்சிருக்கேன், பாருங்க" என்றார். அவருக்கு அப்போதும் என் வண்டுகளைப் பற்றித்தான் கவலை.

வாட்ச்மேன் பின்சீட்டில் அவரைத் தாங்கிக்கொண்டார், நான் காரை ஓட்டினேன். வேகமாகத்தான் ஓட்டினேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா இருந்தார். கெட்டிக்காரர். இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்த உடனே கேட்டுவிட்டார்.

"கண்பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கு. மருந்து அடிச்ச இடத்துல வேலை பார்த்தாரா?"

அந்த இடத்தில் நான் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். டப்பாவின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெயர் எனக்கு என் பெயரைவிட நன்றாகத் தெரியும். என்ன மாற்று மருந்து என்பதும் தெரியும். எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் வாட்ச்மேன் பக்கத்தில் நின்றார், தோட்டத்துக்காரம்மா போனில் இருந்தார், நாளைக்குக் குழு வருகிறது.

"இல்ல டாக்டர். அது மருந்தே அடிக்காத தோப்பு. நான்தான் அதுக்குப் பொறுப்பு. போர்டே வச்சிருக்கோம்" என்றேன்.

வாட்ச்மேனும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அவர் பொய் சொல்லவில்லை, நம்பினார்.

டாக்டரம்மாவுக்கு மனசே ஒப்பவில்லை. எங்கே சாப்பிட்டார், என்ன சாப்பிட்டார், காளான் ஏதாவது தின்றாரா, இதயக் கோளாறு உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குளுக்கோஸ் ஏற்றினார்கள், வாந்திக்கு ஊசி போட்டார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் கன்னச் சதை தானாகத் துடிக்க ஆரம்பித்தது. பூச்சிகளிடம் அந்தத் துடிப்பை நான் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் என்ன வரும் என்று அந்த அறையில் என்னைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது.

டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "சார், நீங்க படிச்சவங்க. எனக்கு இது மருந்துதான்னு தோணுது. ஆனா அந்த மாற்று ஊசிய சந்தேகத்துல அள்ளிப் போட எனக்குப் பயமா இருக்கு. வேற எந்த வழியிலயாவது உள்ள போயிருக்குமா? யோசிச்சுச் சொல்லுங்க."

நான் யோசித்தேன். அவர் பிழைக்க வேண்டும், ஊசி போட்டாக வேண்டும். தோப்பும் பிழைக்க வேண்டும். இரண்டும் நடக்க ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது.

"காலையில வீட்ல சண்டை. சாப்பிடாம கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கார்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மருந்து குடித்தார் என்று என் வாயால் சொல்லவில்லை. டாக்டரம்மா ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார், "ஐயோ பாவம்" என்றார், உள்ளே ஓடினார். ஊசி போட்டார்கள். நான் அதைச் சொன்னதால்தான் போட்டார்கள் என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். எந்த மருந்து என்று நர்ஸ் வந்து கேட்டார். தெரியாது என்றேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் ஆம்புலன்சிலேயே மூச்சு நின்றுவிட்டது. முதல் தடவை கேட்டபோதே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்ன, தெரியும்.

தங்கை ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது நான் சொல்வதற்கு முன்னாலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஏதோ சண்டையாம், மருந்தைக் குடிச்சிட்டாராம். அந்தப் பேச்சு வராந்தாவிலிருந்து வாசலுக்கு வர எவ்வளவு நேரம் ஆகப்போகிறது. அவள் அழவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நான் தொலைங்கன்னு சொன்னேண்ணா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். இந்தக் கையால்தான். அதை நினைத்தால் இப்போதும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிரேதப் பரிசோதனையில் வயிற்றில் மருந்து இருந்தது என்று வந்தது. உங்கள் ஆட்கள் தோப்புக்கு வந்து தேடியபோது மாப்பிள்ளையின் சாமான் கொட்டகையில் அந்தப் பழைய டப்பா இருந்தது. மருந்தடித்த அன்று சாயங்காலம் கிடங்குக்குத் திரும்ப நடக்கச் சோம்பல்பட்டு நான்தான் அங்கே சாக்குக்கு அடியில் தள்ளினேன். அவர் தலையில் போட வேண்டும் என்று வைக்கவில்லை. அது தானாக அப்படி அமைந்துவிட்டது. இலையைப் பரிசோதிக்க யாருக்கும் தோன்றவில்லை, அதுதான் மருந்தடிக்காத தோப்பாயிற்றே. அதற்குள் நான் மரங்களையும் கழுவியிருந்தேன். சாவு வீட்டுக்கு நான் தாமதமாக வந்ததை நிறைய பேர் பார்த்திருப்பார்கள். துக்கத்தில் எங்கேயோ தனியாக உட்கார்ந்திருந்தேன் என்று அவர்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

அவருடைய சாமான்களை ஆஸ்பத்திரியில் என்னிடம்தான் கொடுத்தார்கள். கைக்கடிகாரம், வண்டிச் சாவி, உறிஞ்சுகுழல் குப்பி. குப்பியை என் அறைக்கு எடுத்துப்போய் லென்சில் பார்த்தேன். செத்த பொறிவண்டுகள் கொஞ்சம். மற்றதெல்லாம் வெள்ளைப் புழுக்கள், உடம்பில் நீளநீளமாக நூல் தொங்குகிறவை. ஒரு மாவுப்பூச்சிகூட இல்லை. பிறகு தோப்புக்குப் போய் உதிர்ந்து கிடந்ததையும் பொறுக்கிப் பார்த்தேன். அங்கேயும் அதேதான். அந்த வருஷம் வண்டுகள் பெருகி, எதிரியை அநேகமாகத் தின்று முடித்திருந்தன. நான் பார்த்துப் பயந்த வெள்ளை முழுவதும் என் வண்டுகளின் குஞ்சுகள். நான் ஜெயித்துவிட்டேன் என்பது தெரியாமல் ஜெயித்ததைக் கொன்றிருக்கிறேன். கூலிக்காரர்கள் செய்தால் நான் எகிறிக் குதிக்கிற தப்பு. மாப்பிள்ளையின் சாவுக்கு அடுத்தபடியாக எனக்கு மிகவும் வெட்கமான விஷயம் அது. சில நாள் எது அதிக வெட்கம் என்றே குழப்பமாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் எப்படிப்பட்டவன் என்பது தெரியட்டும்.

குழு பிற்பாடு ஒரு நாள் வந்தது. மரத்தில் ஒரு பூச்சி இல்லை. அசந்துபோனார்கள். இப்போது எத்தனையோ தோட்டங்களில் என் முறையைத்தான் பின்பற்றுகிறார்கள், அதில் பொய் இல்லை, அங்கெல்லாம் வண்டுகள்தான் வேலை செய்கின்றன. தோப்புக்கு மாப்பிள்ளையின் பெயரை வைக்கச் சொன்னது நான்தான். எல்லோரும் என்னைப் பெரிய மனசுக்காரன் என்றார்கள்.

தங்கை மாறிவிட்டாள். வீடு கலகலக்கப் பேசுகிறவள், இப்போது கேட்டால் மட்டும் பதில் சொல்கிறாள். அவளுடைய மாமியார் வருகிறவர்களிடமெல்லாம், "என் புள்ளைய வார்த்தையாலேயே கொன்னுட்டா" என்கிறார். அவள் மறுத்துப் பேசுவதில்லை, அந்த அம்மாவுக்கே காபி போட்டுக் கொடுக்கிறாள். மகள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பைத் தேடினால்கூட 'சீக்கிரம் போ' என்று சொல்வதில்லை. போ என்கிற வார்த்தையையே விட்டுவிட்டாள். 'வா' என்றுதான் எதையும் சொல்கிறாள். குழந்தைக்கு அது விளையாட்டாக இருக்கிறது, என்னால் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அவள் மகளின் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "இவ கொஞ்ச நாள் உன் வீட்ல இருக்கட்டும்ணா" என்றாள். ஏம்மா என்றேன். பெட்டியை மூடினாள். நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, சந்தையில் வெண்டைக்காய் என்ன விலை என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

"உனக்குத் தெரியுமே அண்ணா. அந்த மருந்து குடிச்சா ரொம்ப நேரம் வலிக்குமா? அவருக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்?"

கேட்டது அவரைப் பற்றித்தான். ஆனால் அவள் எதற்காகக் கேட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. நான் அந்த வாசலிலேயே சொல்லியிருக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அதனால்தான் இன்றைக்கு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். உங்கள் கோப்பில் அன்று காலை மாப்பிள்ளையிடமிருந்து எனக்கு ஒரு போன் வந்ததாக இருக்கும். அப்போது விசாரித்தவரிடம், லீவு விஷயமாகப் பேசினார் என்று சொன்னேன். அது அப்படி இல்லை.

தங்கை பேசி வைத்த கொஞ்ச நேரத்தில் அவர் கூப்பிட்டார். தோப்பிலிருந்துதான் பேசினார். குரலில் சண்டையின் வாடையே இல்லை. வீட்டுக் கோபம் அவருக்குத் தெருமுனை வரைக்கும்தான்.

"மச்சான், நான் தோப்புலதான் இருக்கேன், திட்டாதீங்க. நம்ம வண்டுங்க எல்லாம் செத்துக் கொட்டிக் கிடக்கு. இலையெல்லாம் ஏதோ வாடை அடிக்குது. ஒண்ணு ஒண்ணா உறிஞ்சிக் குப்பியில எடுத்து வைக்கட்டுமா? நீங்க பார்த்தா என்ன சீக்குன்னு சொல்லிடுவீங்க."

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார். அவர் எதையும் ஏன் என்று கேட்காமல் விடுகிற ஆள் இல்லை. குழாயை வாயில் வைத்துக்கொண்டு, மருந்து காயாத இலைகளுக்குள் முகத்தை விட்டு, வரிசை வரிசையாக அவர் உறிஞ்சப்போகிறார் என்பது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. பசித்தால் எட்டிப் பறித்துத் தின்பார் என்பதும் தெரியும்.

"சரி மாப்பிள்ளை, எடுத்து வைங்க" என்றேன்.

அவரைக் கொன்றது அந்த ஒரு 'சரி'. மருந்தைப் பதற்றத்தில் அடித்தேன் என்று சொல்லலாம், டாக்டரிடம் பயத்தில் பொய் சொன்னேன் என்று சொல்லலாம். இந்தச் 'சரி' சொல்லும்போது எனக்குப் பதற்றமும் இல்லை, பயமும் இல்லை. போனை வைத்துவிட்டு இட்லியைச் சாப்பிட்டு முடித்தேன். இவ்வளவுதான் நான் செய்தது. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. இன்றைக்கே, இப்போதே, யாரையாவது என் தங்கை வீட்டுக்கு அனுப்பி அவளிடம் சொல்லிவிடுங்கள். நீயே போய்ச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நான் சொன்னால் எடுபடாது. அவர் போன நாளிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் அவள் எதிரில் உட்கார்ந்து, "உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நான் அவளிடம் உண்மையைத் தவிர வேறெதையும் சொன்னதில்லை, அவள்தான் நம்ப மாட்டேன் என்கிறாள்.